கேரியர் மூடியில் ஆறு அதிர்வு

தௌசிப் இறந்த பதினேழாம் நாள் அவர் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. வெளி ஆண்கள் முன் வரமாட்டாள். யாரிடமோ கேட்டு அதைத் தெரிந்துகொண்டு, எச்.ஆரிலிருந்து காவியா என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். அவள் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்தாள். என் மாமியார் காத்தூன் கொடுத்த டீயை முழுதாகக் குடித்தாள். பிறகு பையிலிருந்து இரண்டு பக்கத் தாளை எடுத்து என் முன்னால் பாயில் வைத்தாள்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. இயந்திரத்தின் பாதுகாப்புச் சென்சாரை இயக்குபவர் தன் விருப்பப்படி துண்டித்து வைத்ததே விபத்துக்குக் காரணம் என்பதை நான் அறிவேன். அதன் கீழே என் பெயர் அச்சிடப்பட்டு, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

நான் அறிந்தது வேறு.

அது சிப்காட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன பிரஸ் ஷாப். வண்டிகளுக்கான தகடுகளை அடித்து வளைக்கும் இடம். பிரஸ்ஸின் வாயில் இரண்டு பக்கமும் சென்சார் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஒன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும். கை குறுக்கே போனால் கதிர் அறுந்து மிஷின் நின்றுவிடும். அவருடைய நான்காம் நம்பர் மிஷினில் அந்தச் சென்சார் கெட்டுப்போய், கை போகாமலேயே மிஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. வேலை தடைப்படுகிறதென்று யாரோ ஒரு ஒயரை வைத்து அதை ஊமையாக்கிவிட்டார்கள். இரண்டாவது ஷிப்டில் செய்திருக்கிறார்கள். மறுநாள் காலை போய்ப் பார்த்த என் கணவர் சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணனிடம் சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னால் மேலே நம்பமாட்டார்கள், வீடியோ எடுத்து அனுப்பு என்று அவர் கேட்டிருக்கிறார். இவரும் அனுப்பினார். இதையெல்லாம் பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார். பன்னிரண்டு நாள் கழித்து அந்த மிஷினில் தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. எடுக்கக் குனிந்தார்.

காவியாவிடம் வீடியோவைப் பற்றிச் சொன்னேன். கையில் இருந்த பேனாவை மூடினாள்.

"எந்த வீடியோக்கா? எங்க கிட்ட அப்படி எதுவும் இல்லையே."

"அவரு போன்ல இருக்கு."

"காட்டுங்க, பாக்கறேன்."

காட்ட முடியவில்லை. போன் பூட்டியிருந்தது. அவள் கெட்டவள் இல்லை, தணிந்த குரலில்தான் பேசினாள். கையெழுத்துப் போட்டால் இத்தா முடிந்ததும் ஆபீஸிலேயே எனக்கு வேலை தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம். அடுத்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி ஓசூரில் அரசு விசாரணை இருக்கிறது, அன்று அதிகாரி இந்தத் தாளைத்தான் ஃபைலில் சேர்ப்பார் என்றும் சொன்னாள்.

"வீடியோ இருந்தா அன்னைக்கு எடுத்துட்டு வாங்கக்கா. இல்லைன்னா இதுல ஒரு கையெழுத்து. வேற வழி எனக்கும் தெரியல."

தாளை வைத்துவிட்டுப் போனாள். நான் அதை மடித்துக் குர்ஆன் இருக்கும் அலமாரிக்கு எதிர் அலமாரியில் வைத்தேன். முப்பத்தேழு நாள் இருந்தது.

போன் பூட்டு என்றால் ஒன்பது புள்ளி இருக்குமே, மூன்று வரிசையாக, விரலால் கோடு இழுத்துச் சேர்ப்பது, அது. விரல் ரேகை வைத்துத் திறக்கிற வசதியும் அந்த போனில் இருந்தது. ஆனால் பிரஸ் ஷாப்காரர்கள் விரலில் ரேகை ஏது? தகட்டு விளிம்பும் ஆயிலும் பத்து வருடத்தில் அதை வழித்துவிட்டன. கம்பெனி வாசலில் விரல் வைக்கும் மிஷின்கூட அவரை யாரென்று கேட்டதால், அவருக்கு மட்டும் ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள்.

கொழுந்தன் ஃபைஸான் போனை என்னிடமிருந்து வாங்கிப் போனான். அவனும் சிப்காட்டில் வேறொரு கம்பெனியில்தான் இருக்கிறான். இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தான். ஆங்கிலத்தில் அண்ணன் பெயரின் முதல் எழுத்து, என் பெயரின் முதல் எழுத்து, மாமியாருடையது, கட்டம், வட்டம் என்று ஒன்பது தடவை போட்டுப் பார்த்திருக்கிறான். என் பெயரின் எழுத்தை மட்டும் இரண்டு விதமாகப் போட்டானாம். பிறகு ஓசூர் பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு மொபைல் கடையில் காட்டியிருக்கிறான். திறக்கலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். சில போன்களில் பதினைந்து தடவை தவறாகப் போட்டால் தானாகவே அழிந்துபோகிற மாதிரி வைத்திருப்பார்களாம். இதில் எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதாம்.

"இன்னும் ஆறுதான் இருக்குன்னு வச்சுக்கங்க அண்ணி," என்றான் ஃபைஸான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டுட்டா என்னங்கறேன். அண்ணன் திரும்பி வரப்போறதில்ல. நாளைக்கு எனக்கும் இதே ஏரியாவுலதான் பொழப்பு," என்றான்.

அவன் சொன்னதில் தவறு இல்லை. மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சென்னகிருஷ்ணனுக்கு போன் போட்டுக் கேள் என்று மட்டும் ஃபைஸானிடம் சொன்னேன். போட்டான். பழைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, இது புதுசு, எந்த வீடியோவும் தன்னிடம் இல்லை என்றார் அவர்.

அன்றிலிருந்து அந்த போனை யார் கையிலும் தரவில்லை. சார்ஜ் மட்டும் போட்டு வைத்தேன்.

நாங்கள் இருவரும் தேன்கனிக்கோட்டையிலிருந்து காலை ஐந்து ஐம்பது பஸ்ஸில் போவோம். நான் மத்திகிரி பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன், அங்கே இறங்கிவிடுவேன். அவர் ஓசூர் போவார். எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. ஏறினதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். மத்திகிரி வரும்வரை திறக்கமாட்டேன். அவருடைய மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் என் மடியில் இருக்கும். அவர் ஒரு கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் போனை அந்தக் கேரியர் மூடிமேல் வைத்துத்தான் பார்ப்பார்.

அந்த போனில் எதைத் தொட்டாலும் அதிரும். எழுத்தைத் தொட்டால் ஒரு அதிர்வு, புள்ளியைத் தொட்டால் ஒரு அதிர்வு. எல்லா போனிலும் இருப்பதுதான். சத்தமும் கூச்சமும் வேண்டாமென்று நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். அவர் அதை உச்சத்தில் வைத்திருந்தார். தொட்டாற்சிணுங்கியை வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று கேலி செய்வேன். ஒரு நாள் அதற்குப் பதில் சொன்னார்.

"உனக்கென்ன, விரல் நல்லா இருக்கு. எனக்குத் தோலு மரத்துப்போச்சு. மிஷின்ல பட்டன் அமுக்குனா உள்ள போறது தெரியும். இது வெறும் கண்ணாடி. தொட்டேன்னு அது திருப்பிச் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

அந்த அதிர்வு கேரியர் மூடியில் இறங்கி, மூன்று அடுக்கையும் கடந்து என் தொடைக்கு வரும். கண் மூடியிருந்ததால் நான் அவர் பூட்டைத் திறந்ததை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில், நான்கு வருடம், ஒரு பயணத்தில் ஐந்தாறு தடவையாவது அது என் மடியில் நடந்திருக்கிறது.

இது எனக்கு உறைத்தது காவியா வந்துபோன ஆறாம் நாள். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கேரியரை எடுத்து அடுக்கும்போது ஸ்பூன் ஒன்று மூடிமேல் விழுந்தது. அந்த ஓசை அடங்குவதற்குள் நான் கேரியரோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மடியில் வைத்துக் கண்ணை மூடினேன். நினைவு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. சோற்று வாசனை, பழத்தின் தோல், டிரைவர் வைக்கும் கன்னடப் பாட்டு எல்லாம் வந்தன, அதிர்வு வரவில்லை. மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு, குளித்து, தொழுது, ஜன்னலோரம் நாற்காலி போட்டு, கேரியரில் உண்மையாகவே சோறு நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலியாக இருந்தால் எடை வேறு. மாமியார் கதவோரம் நின்று பார்த்தார்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"மத்திகிரிக்கு மாமி."

கொஞ்சநேரம் கழித்து ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நான்காம் காலை அது வந்தது. மூன்று அதிர்வு, ஒரே சீராக. சின்ன நிறுத்தம். இரண்டு அதிர்வு. பிறகு ஒரு நீண்ட இடைவெளி, மூச்சு இழுக்கும் நேரம். கடைசியாக ஒன்று. மொத்தம் ஆறு. அந்த இடைவெளி வரும்போதெல்லாம் பஸ்ஸில் நான், ஏன் நிறுத்திவிட்டார் என்று அரைத்தூக்கத்தில் நினைத்திருக்கிறேன். அது அவ்வளவு நிச்சயமாக ஞாபகம் இருந்தது.

ஆனால் ஆறு அதிர்வை வைத்து என்ன செய்வது? எந்தப் புள்ளியில் ஆரம்பம், எந்தப் பக்கம் திருப்பம்? காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்பது ஒன்பது புள்ளியாக வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். நாற்பது தாளுக்குமேல் ஆனது. அவர் போனைத் தொடவில்லை. அதற்கு ஆறு தடவைதான்; அவை ஒவ்வொன்றும் எனக்கு அவர் உயிர் மாதிரி இருந்தன.

என் போன் இருந்தது. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் தவறாகப் போடலாம். அதில் புள்ளிப் பூட்டை வைத்து, அதிர்வை உச்சத்துக்கு ஏற்றி, கேரியர் மூடிமேல் வைத்துப் பழகினேன். ஒவ்வொரு வடிவமாக வைத்து, கண்ணை மூடி இழுத்து, மடியில் என்ன வருகிறது என்று பார்ப்பேன். நேர்க்கோட்டில் போனால் அதிர்வு சீராக வரும். திரும்பினால் சிறு தயக்கம். இவ்வளவும் இரண்டு வாரத்தில் தெரிந்தது. நீண்ட இடைவெளி மட்டும் வரவில்லை. மெதுவாக இழுத்தால் வரும். ஆனால் அவர் மெதுவாக இழுக்கும் ஆள் இல்லை.

ஒரு மத்தியானம் கை தவறி, ஏற்கெனவே தொட்ட புள்ளியின் மேலேயே விரலை இழுத்துவிட்டேன். அதிரவில்லை. திரும்பவும் செய்து பார்த்தேன். ஒருமுறை தொட்ட புள்ளியை மறுபடி கடந்தால் போன் பேசாமல் இருக்கிறது. அங்கேதான் அந்த இடைவெளி. அவர் நிறுத்தவில்லை, தாண்டியிருக்கிறார். ஒரு கோட்டை இன்னொரு கோடு வெட்டுகிறது. அவ்வளவு தூரம் வந்துவிட்டேன். ஆனால் வெட்டுகிற கோடுகளும் எத்தனையோ இருந்தன.

இதற்கிடையில் காவியா ஒருமுறை போன் செய்தாள். கையெழுத்தாயிற்றா என்று மேலே கேட்கிறார்களாம். இல்லை என்றேன். வீடியோ கிடைத்துவிட்டதா என்றாள். இல்லை என்றேன். "சரிக்கா, இருபத்து மூணு," என்று வைத்துவிட்டாள்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் மோட்டார் கத்தியது.

எங்கள் வாடகை வீட்டில் சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு சின்ன மோட்டார் உண்டு. ஒரு இரும்புத் தகட்டில் நான்கு மூலையிலும் போல்ட் போட்டு நிறுத்தியிருக்கும். அது ஓடி ஓடி போல்ட் தளரும். தளர்ந்தால் தகடு தரையில் தடதடவென்று அடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் முறுக்குவார். அன்று பாத்திரமெல்லாம் குலுங்குகிற மாதிரி அடித்தது. மாமியார் ஸ்விட்சை அணைத்தார். ஃபைஸான் ஷிப்டுக்குப் போயிருந்தான். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். மாட்டியதும், முன்பு ஒருமுறை இதே இடத்தில் இதையே செய்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தது ஞாபகம் வந்தது.

"கிட்ட இருக்குறதுல ஆரம்பிக்காத. எட்டாத மூலை எதுவோ அதுல ஆரம்பி. அப்புறம் அதுக்கு நேர் எதிர் மூலை. வரிசையா சுத்தி வந்தீன்னா தகடு ஒரு பக்கம் தூக்கிக்கும்."

பிரஸ்ஸில் அச்சு மாட்டும்போது அப்படித்தான் செய்வார்களாம். ஒரு மூலை, அதன் எதிர் மூலை, மீதி இரண்டில் ஒன்று, அதற்கு எதிர். எதிர் மூலையாகப் போனால்தான் அழுத்தம் சமமாக இறங்கும். பத்து வருடம் தினமும் அதைச் செய்தவர் அவர். கட்டிலை மாட்டினாலும் அப்படித்தான், ஃபேனை மாட்டினாலும் அப்படித்தான்.

வலது கைக்கு எட்டாத மூலை, தூரத்து இடது மூலை. அதை முறுக்கினேன். ஸ்பேனர் தகட்டின் நடுவைக் கடந்து எனக்குக் கிட்டத்து வலது மூலைக்கு வந்தது. முறுக்கினேன். அங்கிருந்து ஓரமாக அடுத்த மூலை. அங்கிருந்து மறுபடியும் நடுவைக் கடந்து கடைசி மூலை.

நடுவை இரண்டாம் முறை கடக்கும்போது என் கை நின்றுவிட்டது.

மூன்று புள்ளி, மூலையிலிருந்து மூலைக்கு நடுவழியாக. இரண்டு புள்ளி, ஓரமாக. அப்புறம் நடுப்புள்ளியின் மேலாகவே, அதிராமல். கடைசி மூலையில் ஒன்று.

கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் தகடு தூக்கிக்கொள்ளும். மாமியாரை ஸ்விட்சைப் போடச் சொன்னேன். மோட்டார் அடங்கி ஓடியது.

கை கழுவி, கேரியரை எடுத்து, காலையில் வடித்த சோற்றை நிரப்பி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் போனை மூடிமேல் வைத்தேன். ஒன்று மட்டும் தெரியவில்லை. எதிர் மூலைக்கு இறங்கியபின் ஓரமாகப் போனது எந்த ஓரம்? கீழ் ஓரமா, வலது ஓரமா? மோட்டாரில் நான் கைக்கு வந்தபடி கீழாகப் போயிருந்தேன். அதையே போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இடது மேல் மூலையிலிருந்து. மூன்று, இரண்டு, இடைவெளி, ஒன்று. என் மடிக்கு அது தெரிந்தது. பிறகு தவறு என்று நீளமாக ஒரு அதிர்வு வந்தது.

ஐந்து.

மாமியார் எதிரில் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டார். போனைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். உடனே அடுத்ததைப் போட்டிருக்கலாம், மிச்சம் இருந்த ஓரம் ஒன்றுதானே. ஆனால் ஊகமாகப் போட மனம் வரவில்லை. பஸ்ஸில் அவர் என் வலப்பக்கம் உட்காருவார். அவர் முழங்கை என் கையில் பட்டுக்கொண்டிருக்கும். முதல் மூன்று அதிர்வுக்கு அது என்னை உரசிப் பின்னால் வரும். அடுத்த இரண்டுக்கு? முன்னால் போகும். என்னைவிட்டு விலகி, முன்சீட்டுப் பக்கமாகப் போகும். அந்த நேரம் மட்டும் என் கையில் குளிர்காற்று படும்.

அப்படியானால் மேலே.

கண்ணை மூடி இழுத்தேன். மூன்று. மேலே இரண்டு. நடுவைக் கடந்து, ஒன்று. நீண்ட அதிர்வு வரவில்லை. நான் கண்ணைத் திறக்கவில்லை.

"வந்துட்டானா?" என்று மாமியார் கேட்டார்.

"வந்துட்டாரு மாமி."

வீடியோ பத்தொன்பது விநாடி. சுற்றிலும் மிஷின்கள் அடிக்கும் சத்தத்தில் படமே துடித்துக்கொண்டிருந்தது. நான்காம் நம்பர் பிரஸ், சென்சாரின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டிய சிவப்பு ஒயர், அதைச் சுட்டிக்காட்டும் அவருடைய ஆள்காட்டி விரல். "இது நான் வர்றதுக்கு முன்னாடியே இப்புடித்தான் இருக்குங்க சார். கை போனாலும் நிக்கல," என்கிறார். அவர் அதை அனுப்பிய நாளும் நேரமும் கீழே இருந்தன. அதற்கும் கீழே சென்னகிருஷ்ணன் அனுப்பிய குரல் பதிவு. அதைக் கேட்டதும் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் ஃபைஸான் வந்ததும் காட்டினேன். வீடியோவை மூன்று தடவை பார்த்தான். அழுதான். நாளைக்குத் தானே எடுத்துப்போய்க் கொடுப்பதாகச் சொன்னான். உனக்கு இதே ஏரியாவில் பிழைப்பு, நீ வரவேண்டாம், நான் போகிறேன் என்றேன். இத்தாவில் எப்படி என்று தயங்கினான். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டுவரச் சொன்னேன். அவசியக் காரியத்துக்குப் பகலில் போய், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம் என்று அவர் சொல்லி அனுப்பினார். எதிர்வீட்டுக்காரிக்கு அது போதவில்லை. மறுநாள் நானும் மாமியாரும் புர்கா அணிந்து படியிறங்கும்போது, நாற்பது நாள் போனதும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள் என்று காதில் விழும்படி சொன்னாள். மாமியார் நின்றார்.

"எம் புள்ள பேர்ல பொய் எழுதிக்கினு இருக்காங்க. அந்தப் பொய்யி இத்தா முடியற வரைக்கும் காத்துக்கினு இருக்குமா? நீ கதவச் சாத்திக்க."

பஸ்ஸில் நான் கண்ணை மூடவில்லை. மத்திகிரி கடந்ததும் அதற்குப் பிறகான சாலையைப் பல மாதம் கழித்துப் பார்த்தேன். வாந்தி வரவில்லை. மாமியார் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

விசாரணை அறையில் அதிகாரி, ஒரு கிளார்க், கம்பெனி மேனேஜர், காவியா, சென்னகிருஷ்ணன். மேனேஜர் எழுந்து, இறந்தவர் நல்ல தொழிலாளி, ஆனால் அவசரக்காரர், குறுக்குவழிக்காக அவரே சென்சாரைத் துண்டித்துக்கொண்டார், குடும்பத்துக்கும் இது தெரியும் என்று சொன்னார். கையெழுத்துத் தாளை அதிகாரி என்னிடம் கேட்டார். கையெழுத்தில்லாமல் கொடுத்தேன். பிறகு போனை மேசைமேல் வைத்து, அவர்கள் எல்லோர் முன்னாலும் பூட்டைத் திறந்தேன். மரமேசை அது. ஆறு அதிர்வும் எல்லோருக்கும் கேட்டன.

வீடியோ ஓடியது. ஒயரை அவரே கட்டிவிட்டுப் படம் எடுத்திருக்கலாமே என்றார் மேனேஜர். அதிகாரி அடுத்ததைப் போடச் சொன்னார். குரல் பதிவைத் தொட்டேன்.

"பாத்துட்டேன் தௌசிப். செகண்ட் ஷிப்ட்டுல பைபாஸ் போடச் சொன்னதே மேல இருந்துதான். மெயின்டனன்ஸ் ஆளு இப்ப வரமாட்டான், ஆர்டர் போகணும். ஒயரு அப்புடியே இருக்கட்டும். நீ பாத்து ஓட்டு."

அது யார் குரல் என்று தெளிவாகத் தெரியவில்லையே என்று மேனேஜர் தொடங்கினார். அப்போதுதான் சென்னகிருஷ்ணன் வாயைத் திறந்தார். அதுவரை தன் புதுப் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தவர்.

"எங்குரல்தாங்க," என்றார். "நான் சொன்னதுதான்."

காவியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். அதிகாரி தாளை எடுத்து அந்த வாக்கியத்தை ஒருமுறை வாசித்தார். நடுவில் நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் கையெழுத்திட்டார். அந்த ஷாப்பில் இருந்த ஆறு பிரஸ்ஸின் சென்சார்களையும் பார்க்கும்வரை அங்கே எதுவும் ஓடக்கூடாது என்று கிளார்க்கை எழுதச் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கோடுதான். அது போதாது என்று பின்னால் நிறையப் பேர் சொன்னார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் அவர் தன் சாவைத் தானே கட்டி வைத்துக்கொண்டார் என்று எந்தத் தாளிலும் இனி இல்லை.

போனைச் சாட்சியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அதிகாரி. இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. எப்போது திரும்பும் என்று மாமியார் கேட்டார். சொல்ல முடியாது என்றார். பூட்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கிளார்க் உறையை நீட்டினார்.

"எடுக்கமாட்டேங்க," என்றேன். "அவரு வச்ச பூட்டு. எப்படித் தொறக்கறதுன்னு எழுதித் தர்றேன்."

அதிகாரி என்னைப் பார்த்துவிட்டு, சரியென்று தலையசைத்தார். கிளார்க் உறையின்மேல் ஒன்பது புள்ளி வைத்துக்கொண்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவசரப்பட்டு, இடது மேல் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஓரமாகக் கோடு இழுத்துவிட்டார்.

"வரிசையா போகாதீங்க," என்றேன். "அதுக்கு நேர் எதிர் மூலை."

அவர் அடித்துவிட்டு முதலிலிருந்து போட்டார். நடுவைக் கடந்து எதிர் மூலை, மேலே ஓரமாக, மறுபடியும் நடுவைக் கடந்து கடைசி மூலை. சரியாக வந்திருக்கிறதா என்று உறையை வாங்கிப் பார்த்தேன். பிறகு போனை உள்ளே வைத்தேன்.